மூணு மாடு, ஒரே படி: நம்ம தெரு மாட்டோட சாப்பாட்டுக் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோட்ல, சேலையூர் பக்கம், காலையில ஏழு மணிக்கு வண்டி ஓட்டினவங்களுக்கு இந்தக் காட்சி புதுசா இருக்காது. நடு ரோட்ல ஒரு மாடு படுத்து அசை போட்டுட்டு இருக்கும். ஹாரன் அடிச்சா காதை மட்டும் ஆட்டும். கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு, குப்பைத் தொட்டிக்குள்ள தலையை விட்டு, முடிச்சுப் போட்ட கேரி பேகை முடிச்சோட முழுங்கும். மூணாவது ஒண்ணு சுவர்ல ஒட்டின போஸ்டரை ஓரத்துலேர்ந்து உரிச்சுத் தின்னும். (போஸ்டர்ல ஒரு லாஜிக் இருக்கு. பின்னாடி இருக்கிறது மைதாப் பசை.)

பசிக்குது, அதனால கண்டதைத் தின்னுதுன்னுதான் நானும் நினைச்சிட்டு இருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடிப் போனதுல இந்த எபிசோட் வந்துச்சு. அது பிளாஸ்டிக்ல தொடங்கி, பிண்ணாக்கு வழியா, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல போய் நின்னுச்சு.

எங்க தெருவுக்குப் பால் ஊத்துற அக்கா மூணு மாடு வச்சிருக்காங்க. மூணும் கலப்பின மாடு. ஒண்ணு கன்னு போட்டு ரெண்டு மாசம் ஆகுது, ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் தருது. இன்னொண்ணு கறவை முடியப் போற நேரம், மூணு லிட்டருக்கு மேல வராது. மூணாவது பால் வத்தின சினை மாடு, கன்னு போட இன்னும் ஒரு மாசம்.

ஒரு நாள் சாயங்காலம் தீவனம் வைக்கிறப்ப பக்கத்துல நின்னேன். கறக்குற ரெண்டு மாட்டுக்கும் ஒரே அளவு. அதே டப்பா, அதே படி. கடலைப் பிண்ணாக்கு, தவிடு, மேல வைக்கோல். சினை மாட்டுக்கு வைக்கோல் மட்டும். பகல்ல அவுத்து விட்டுடுவாங்க, தெருவைச் சுத்திட்டு வரும்.

"ஏன்க்கா, எட்டு லிட்டர் குடுக்குறதுக்கும் மூணு லிட்டர் குடுக்குறதுக்கும் ஒரே அளவா?"

"என்ன தம்பி பேசுற? ரெண்டும் கண்ணு முன்னாடி நிக்குது. ஒண்ணுக்குக் குறைச்சு வச்சா அது என் மூஞ்சியைப் பார்க்காது?"

"அப்ப அந்தச் சினை மாடு?"

"அதுகிட்ட பாலே இல்லையேப்பா. அதுக்குப் பிண்ணாக்கு வச்சா நான் எங்க போறது?"

இந்த ரெண்டு பதில்லயும் நியாயம் இருக்கு. ஆனா மாட்டோட உடம்பு வேற கணக்குல ஓடுது.

மாட்டுக்கு முன்னாடி கிருமிக்குச் சாப்பாடு

மாடு வைக்கோலைச் செரிக்கிறது இல்ல. செரிக்கிறது அதோட முதல் வயித்துல, அதாவது ரூமன்ல இருக்கிற நுண்ணுயிர்கள். கலப்பினப் பசுவுக்கு அது நூறு லிட்டர் வாக்கில் பிடிக்கிற ஒரு புளிக்கிற தொட்டி. நம்ம வீட்டு இட்லி மாவு பாத்திரத்தை நூறு மடங்கா நினைச்சுக்கோங்க, உள்ள காத்து மட்டும் கிடையாது. வைக்கோல்ல இருக்கிற நாரை நம்மாலயோ மாட்டாலயோ உடைக்க முடியாது. பாக்டீரியா உடைக்கும். அந்த பாக்டீரியா பெருகிப் பெருகி அடுத்த வயித்துக்குப் போகும்போது, மாடு அதையே செரிச்சுப் புரதமா எடுத்துக்கும். மாட்டை சைவம்னு சொல்றோம். உள்ள அது தினமும் கோடானுகோடி கிருமிகளைச் சாப்பிட்டுத்தான் வாழுது.

இப்ப அந்தக் கிருமி வேலை செய்யணும்னா அதுக்கு நைட்ரஜன் வேணும், கந்தகம், பாஸ்பரஸ், கோபால்ட் மாதிரி தாது உப்பும் வேணும். நெல்லு வைக்கோல்ல புரதம் மூணு, நாலு சதவீதம்தான். மொத்தத் தீவனத்துல புரதம் ஆறு, ஏழு சதவீதத்துக்குக் கீழ போனா கிருமி பட்டினி. கிருமி பட்டினின்னா வைக்கோல் செரிக்காம அப்படியே கிடக்கும். வயிறு நிறைஞ்சிருக்கும், மாடு இளைச்சிட்டே வரும். அக்காவோட சினை மாடு அப்படித்தான் இருந்துச்சு. பக்கவாட்டுல பார்த்தா பெரிய வயிறு, பின்னாடியிலேர்ந்து பார்த்தா இடுப்பு எலும்பு.

பாஸ்பரஸும் வைக்கோல்ல ரொம்பக் கம்மி. பாஸ்பரஸோ உப்போ குறைஞ்ச மாடு வினோதமா நடந்துக்கும். எலும்பைக் கடிக்கும், கயிறு, துணி, செருப்பு, சுவர்ச் சுண்ணாம்பு, எதையும் விடாது. கால்நடை மருத்துவத்துல இதுக்குப் 'பைக்கா'ன்னு பேர். தெருவுல கவர் தின்னுற எல்லா மாட்டுக்கும் பைக்கான்னு நான் சொல்ல வரல. கவருக்குள்ள இருக்கிற மிச்சம் மீதி சாம்பார் சாதத்தோட வாசனைக்காகத் தின்னுறதுதான் அதிகம். மாட்டுக்கு நாக்காலயும் உதட்டாலயும் பிரிச்சுப் பொறுக்கத் தெரியாது, ஆடு மாதிரி கிடையாது. சுருட்டி உள்ள இழுத்துடும். ஆனா குறைபாடு இருக்கிற மாடு தேடித் தேடிப் போய் இதைச் செய்யும். பசியும் பைக்காவும் ஒண்ணாச் சேர்ந்தா என்ன ஆகும்கிறதுக்கு நம்ம ஊர்லயே ஒரு ஆதாரம் இருக்கு. 2019 அக்டோபர்ல வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில ஒரு பசுவோட வயித்துலேர்ந்து 52 கிலோ பிளாஸ்டிக் கழிவை எடுத்தாங்க. ஆபரேஷன் அஞ்சு மணி நேரத்துக்கு மேல போச்சு. ஐம்பத்தி ரெண்டு கிலோன்னா ஒரு அரிசி மூட்டையை விடக் கூட. அது இருக்கிற ரூமன்ல தீவனத்துக்கு எங்க இடம்?

எட்டு லிட்டர் மாட்டுக்கு எல்லாம் சரியா?

புரதத்துல, சரிதான். நான் உக்காந்து கணக்குப் போட்டேன். தோராயக் கணக்கு, தீவனம் மாறினா எண் மாறும். ஆறு கிலோ வைக்கோல், ரெண்டு கிலோ தவிடு, ஒண்ணரை கிலோ கடலைப் பிண்ணாக்கு. வைக்கோல்லேர்ந்து 210 கிராம் புரதம், தவிட்டுலேர்ந்து 270, பிண்ணாக்குலேர்ந்து 650. மொத்தம் 1,130 கிராம். 350 கிலோ எடையுள்ள மாடு உயிர் வாழ 350 கிராம், அப்புறம் லிட்டருக்குச் சுமார் 90 கிராம். எட்டு லிட்டருக்கு மொத்தம் 1,070. அக்கா எந்தப் புஸ்தகமும் பார்க்காம கிட்டத்தட்ட சரியா வச்சிருக்காங்க. அனுபவம்னா இதுதான்.

சிக்கல் கால்சியத்துல. அந்த மாட்டுக்கு ஒரு நாளைக்கு நாப்பது கிராம் வாக்கில் கால்சியம் வேணும். இந்தத் தீவனத்துல கிடைக்கிறது பாதி. அதுலயும் வைக்கோல்ல இருக்கிற ஆக்சலேட், கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். பாஸ்பரஸ் தலைகீழ்: தவிட்டுல அது கொட்டிக் கிடக்கு, தேவையை விட ஒண்ணரை மடங்கு போகுது. கால்சியம் பத்தலைன்னா மாடு உடனே பாலைக் குறைக்காது. தன் எலும்பைக் கரைச்சுப் பால்ல ஊத்தும். அதுவும் முடியாத அளவுக்குப் போனா, பெரும்பாலும் கன்னு போட்ட ஒண்ணு ரெண்டு நாள்ல, மாடு எழுந்திருக்க முடியாம கழுத்தை மடிச்சுப் படுத்துடும். பால் காய்ச்சல்னு பேர், ஆனா உடம்பு சூடே இருக்காது, ஜில்லுனு இருக்கும். டாக்டர் வந்து நரம்புல கால்சியம் ஏத்தினா சில சமயம் அரை மணி நேரத்துல எழுந்து நிக்கும். வரலைன்னா மாடு போச்சு. ஒரு மாடு போறதுன்னா அந்தக் குடும்பத்துக்கு வருமானத்துல மூணுல ஒரு பங்கு போற மாதிரி.

இதுல ஒரு வேடிக்கை. அப்படின்னா கன்னு போடுறதுக்கு முன்னாடியே கால்சியத்தை அள்ளிக் குடுத்துடலாமேன்னு தோணும். குடுக்கக் கூடாது. வெளியிலேர்ந்து தாராளமா வந்துட்டு இருந்தா, எலும்புலேர்ந்து எடுக்கிற வேலையை உடம்பு மறந்துடும். கன்னு போட்டதும் திடீர்னு தேவை எகிறும்போது முழிக்கும். அதனால அந்தக் கடைசி மாசத்துல எதை எவ்வளவு குடுக்கணும்கிறதை டாக்டர்கிட்ட கேட்டுத்தான் செய்யணும். மெடிக்கல்ல இருக்கிற பாட்டிலைத் தூக்கிட்டு வந்து ஊத்துற விஷயம் இல்ல.

சாக்கடையில ஒரு மூட்டை யூரியா

இப்ப மூணு லிட்டர் மாடு. அதுக்கு எவ்வளவு புரதம் போதும்? 350 கூட்டல் 270, ஆக 620 கிராம். ஆனா உள்ள போறது அதே 1,130. தினமும் 500 கிராம் புரதம் உபரி.

உடம்புக்குப் புரதத்தைச் சேமிச்சு வைக்கத் தெரியாது. உபரிப் புரதம் ரூமன்ல அம்மோனியாவா உடையும், ரத்தத்துல கலந்து ஈரலுக்குப் போகும். ஈரல் மெனக்கெட்டு, மாட்டோட சொந்தச் சக்தியைச் செலவு பண்ணி, அதை யூரியாவா மாத்தி மூத்திரத்துல அனுப்பும். 500 கிராம் புரதத்துல 80 கிராம் நைட்ரஜன் இருக்கு. கடையில விக்கிற யூரியாவுல 46 சதவீதம் நைட்ரஜன். அப்படிப் பார்த்தா அந்த ஒரே ஒரு மாடு, வெறும் உபரியில மட்டும், தினமும் 170 கிராம் யூரியாவுக்குச் சமமானதைக் கொட்டகைத் தரையில ஊத்துது. எட்டரை மாசத்துல 45 கிலோ மூட்டை ஒண்ணு.

வயல்ல ஊத்தினா அது உரம். சேலையூர்ல வயல் எங்க இருக்கு? கொட்டகையைக் கழுவி விட்டா மழைநீர் வடிகால்.

இதைக் காசாவும் பார்க்கலாம். 500 கிராம் புரதம்னா ஒரு கிலோவுக்கு மேல கடலைப் பிண்ணாக்கு. அக்கா வாங்குற விலையில அறுபது ரூபாய். மாசம் ஆயிரத்து எண்ணூறு. இதைச் சொன்னப்ப அக்கா கையில இருந்த டப்பாவைக் கீழ வச்சாங்க. மீத்தேனைப் பத்தி நான் அரை மணி நேரம் பேசினப்பகூட வைக்கல.

கொட்டகையில மூக்கை எரிக்கிற அந்த வாடை இருக்கு இல்லையா, அது மூத்திரத்துல இருக்கிற யூரியா சாணியோட சேர்ந்ததும் சில மணி நேரத்துல அம்மோனியாவா மாறுறது. அதுல ஒரு பங்கு காத்துல போகும். ஒரு பங்கு மண்ணுக்குள்ள நைட்ரேட்டா இறங்கும், போர் தண்ணியை நம்பி இருக்கிற புறநகருக்கு அது நல்லது இல்ல. இன்னொரு சின்னப் பங்கு நைட்ரஸ் ஆக்சைடா மாறும். அது கார்பன் டை ஆக்சைடை விட 270 மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்குற வாயு. இவ்வளவுக்கும் நடுவுல, ரத்தத்துல யூரியா அதிகமா இருக்கிற மாட்டுக்குச் சினை பிடிக்கிறதும் சிரமம். அக்கா நல்லா பார்த்துக்கணும்னு வச்ச பிண்ணாக்குதான் இத்தனையும் பண்ணுது.

ஏரி வழியா

நம்ம பக்கத்து ஏரிகளை ஒரு வரிசையா யோசிங்க. செம்பாக்கம் ஏரித் தண்ணி ஏரி ஏரியா வழிஞ்சு கடைசியில பள்ளிக்கரணைக்குப் போய்ச் சேருது. 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்த அதே சதுப்பு நிலம், 1,247 ஹெக்டேர். நைட்ரஜனும் பாஸ்பரஸும் தண்ணியில சேரச் சேர ஆகாயத் தாமரை மூடும், பாசி பிடிக்கும், அடியில ஆக்ஸிஜன் குறையும், மீன் செத்து மிதக்கும்.

இதுக்கு மாட்டைக் குத்தம் சொல்லிடலாமா? நியாயமா பேசணும்னா, இந்த ஏரிகள்ல சேருற சத்துல பெரும்பங்கு நம்ம வீட்டுக் கழிவுநீர். மாடு சின்னப் பங்கு. ஆனா ஒரு மாட்டை ஒரு ஆளா எண்ணாதீங்க. அக்காவோட எட்டு லிட்டர் மாடு சாப்பிடுற புரதத்துல கால்வாசிக்கும் கீழதான் பாலா வருது. மீதி நைட்ரஜன், ஒரு நாளைக்கு 140 கிராம் வாக்கில், சாணியும் மூத்திரமும். நாம ஒருத்தர் வெளியேத்துறது பத்து, பன்னெண்டு கிராம். ஆக ஒரு மாடுன்னா நம்ம அபார்ட்மெண்ட்ல மூணு குடும்பம். அந்த மூணு குடும்பமாவது சாக்கடை வரி கட்டும்.

எனக்கு உறுத்துனது, இது ஒருவழிப் பாதைங்கிறதுதான். கிராமத்துல மாடு வயல்லேர்ந்து வைக்கோலை எடுத்து சாணியைத் திருப்பிக் குடுக்கும். இங்க வைக்கோல் லாரியில வருது, பிண்ணாக்கு மூட்டையில வருது, தாது உப்புல இருக்கிற பாஸ்பரஸ் பாறையிலேர்ந்து வருது. இந்தியாவுக்குத் தேவையான பாஸ்பேட் பாறையில பெரும்பகுதி ஜோர்டான், மொராக்கோ மாதிரி நாடுகள்லேர்ந்து கப்பல்ல வர்றதுதான். அங்க வெட்டி எடுத்தது இங்க ஆகாயத் தாமரையா முளைக்குது. திரும்பிப் போக வழி கிடையாது.

இந்தப் பிரச்சினையில முழுசா மாட்டிக்கிட்ட நாடு நெதர்லாந்து. சின்ன நாடு, நிறைய மாடு, வெளிநாட்டுத் தீவனம். 1998-லயே பண்ணைக்குள்ள எவ்வளவு நைட்ரஜன், பாஸ்பரஸ் வருது, எவ்வளவு போகுதுன்னு வரவு-செலவு எழுத வச்சாங்க. பத்து வருஷம் கூட அந்த முறை தாக்குப் பிடிக்கல. 2019-ல நீதிமன்றத் தீர்ப்பு வந்து, விவசாயிங்க டிராக்டரோட நெடுஞ்சாலையை மறிச்சாங்க. தீவனத்துல கவனிக்காம விட்டதை அப்புறம் சட்டம் போட்டுப் பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அங்க பார்க்கலாம்.

சரி, ஏப்பம்

மாடுன்னாலே மீத்தேன், மீத்தேன்னாலே பின்னாடின்னு மீம் போடுறாங்க. தப்பு. கிட்டத்தட்ட எல்லாமே முன்னாடிதான், ஏப்பம். நாரைக் கிருமி உடைக்கும்போது ஹைட்ரஜன் வெளிய வரும். அது தேங்கினா தொட்டியே நின்னுடும். அதனால இன்னொரு வகைக் கிருமி அந்த ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேன் ஆக்கும், மாடு ஏப்பமா விடும். தின்ன சக்தியில ஆறு சதவீதம் வாக்கில் இப்படிப் போகுது. மாட்டுக்கும் அது நஷ்டம்தான்.

பத்து கிலோ தீவனம் தின்னுற மாடு ஒரு நாளைக்கு 200 கிராம் வாக்கில் மீத்தேன் விடும். நாலு லிட்டர் கறந்தா லிட்டருக்கு 50 கிராம். அதே மாடு சரியான தீவனத்துல எட்டு லிட்டர் கறந்தா, கொஞ்சம் கூடத் தின்னு 240 கிராம் விட்டாலும், லிட்டருக்கு 30 தான். பால் வத்தின மாடு? அதுவும் தினமும் ஏப்பம் விடுது, பால் பூஜ்யம்.

இங்கதான் தாது உப்பு மறுபடி வருது. பாஸ்பரஸ், தாமிரம், துத்தநாகம், அயோடின் மாதிரி எது குறைஞ்சாலும் மாடு பருவத்துக்கு வர்றது தள்ளிப் போகும், சினை ஊசி போட்டும் நிக்காது. பதிமூணு, பதினாலு மாசத்துக்கு ஒரு கன்னு வரவேண்டிய இடத்துல ஒண்ணரை வருஷம் ஆகும். அந்த நாலஞ்சு மாசமும் தீவனம், சாணி, ஏப்பம் எல்லாம் உண்டு, பால் மட்டும் இல்ல. அந்த நாள்லதான் மாட்டை அவுத்தும் விடுவாங்க. நாம ரோட்ல பார்க்கிற மாட்டுல நிறைய அப்படி வந்தது.

தேசிய பால்வள வாரியம் இந்தக் கணக்கை ஊர் ஊரா போட்டுப் பார்த்திருக்கு. 2012-ல தொடங்கின தேசியப் பால்வளத் திட்டத்துல, பயிற்சி குடுத்த உள்ளூர் ஆள் ஒருத்தர் டேப்பை எடுத்துட்டு வந்து மாட்டோட மார்புச் சுத்தளவை அளந்து எடையைக் கணக்கிடுவார், பால் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, வீட்டுல என்ன தீவனம் இருக்குன்னு கேட்பார். கம்ப்யூட்டர்ல போட்டா, இருக்கிற தீவனத்தையே எந்த அளவுல கலக்கணும், தாது உப்பு எவ்வளவுன்னு வரும். புதுசா விலை உயர்ந்த எதுவும் இல்ல. பால் கொஞ்சம் கூடுச்சு, தீவனச் செலவு குறைஞ்சுச்சு, லிட்டருக்கு மீத்தேன் பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சுச்சு. ஆனா அது கூட்டுறவு சங்கம் இருக்கிற கிராமங்கள் வழியா போன திட்டம். சோழிங்கநல்லூர் ஆவின் பால்பண்ணை நம்ம பக்கத்துலதான் இருக்கு, அதுக்குப் பால் வர்றது கிராமத்துச் சங்கங்கள்லேர்ந்து. தெருவுல பால் ஊத்துற அக்கா எந்தச் சங்கத்துலயும் இல்ல.

ஒரு விஷயத்தைப் பூசி மெழுக நான் விரும்பல. லிட்டருக்குக் குறையுதுங்கிறதும் மொத்தமா குறையுதுங்கிறதும் வேற வேற. பால் கூடுதுன்னு இன்னும் ரெண்டு மாடு வாங்கிக் கட்டினா மொத்த மீத்தேன் ஏறத்தான் செய்யும். 2019 கணக்கெடுப்புல இந்தியாவுல மாடு மட்டும் 19 கோடிக்கு மேல, எருமை கிட்டத்தட்ட 11 கோடி. 2021-ல கிளாஸ்கோவுல வந்த மீத்தேன் உறுதிமொழியில இந்தியா கையெழுத்துப் போடல. ரெண்டு மாடு வச்சிருக்கிறவங்க மேல போய் விழும்கிற பயம் எனக்குப் புரியுது. ஆனா அந்த ரெண்டு மாட்டையும் நல்லா வச்சுக்க உதவுறதுக்கு உறுதிமொழி எதுவும் தேவையில்ல.

மீத்தேனைக் குறைக்கவே தனியா தீவனச் சேர்க்கையும் வந்திருக்கு. பெங்களூர்ல இருக்கிற தேசியக் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் டானின் அதிகமுள்ள செடிகளை வச்சு 'ஹரித் தாரா'ன்னு ஒண்ணு செஞ்சிருக்காங்க. 17லேர்ந்து 20 சதவீதம் குறையும்னு சொல்றாங்க. நல்ல விஷயம். ஆனா சினை மாட்டுக்குத் தவிடே வைக்காத கொட்டகையில முதல்ல வேண்டியது அது இல்லைங்கிறது என் அபிப்பிராயம்.

காட்டுப்பாக்கம்

போரூர் பக்கத்துல இருக்கிற காட்டுப்பாக்கம் இல்ல. செங்கல்பட்டு ட்ரெயின்ல பொத்தேரி பக்கத்துல வர்ற காட்டுப்பாக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட ஊட்டச்சத்து ஆராய்ச்சி நடக்கிற இடம். தாம்பரத்துலேர்ந்து அரை மணி நேரம். தமிழ்நாட்டு மண்ணுல, தீவனத்துல எந்தப் பகுதியில எந்தத் தாது குறையுதுன்னு பார்த்து, குறையுறதை மட்டும் சேர்த்து உப்புக் கலவை செய்யுற வேலை அங்க நடந்திருக்கு.

இது ஏன் முக்கியம்னா, நாம போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க. எட்டு லிட்டர் மாட்டுக்குக் கால்சியம் குறை, பாஸ்பரஸ் அதிகம். இந்தியத் தர அளவுப்படி பொதுவா கடையில வர்ற தாது உப்புக் கலவையில கால்சியம் குறைஞ்சது 20 சதவீதம், பாஸ்பரஸ் 12 சதவீதம். ஐம்பது கிராம் போட்டா பத்து கிராம் கால்சியம் கிடைக்கும், கூடவே வேண்டாத ஆறு கிராம் பாஸ்பரஸும் போகும். தின்னும், கழியும், வடிகால். அதே பாக்கெட் வைக்கோல் மட்டும் தின்னுற சினை மாட்டுக்கு அருமையா பொருந்தும். ஒரே பொடி, ஒரு மாட்டுக்கு மருந்து, பக்கத்து மாட்டுக்குப் பாதி வீண். தவிடு நிறைய வைக்கிற மாட்டுக்குப் பாஸ்பரஸ் குறைஞ்ச கலவையையோ கால்சைட் பொடியையோ டாக்டர் சொல்லலாம். கேட்டா சொல்லுவாங்க. யாரும் கேக்கிறது இல்ல.

வைக்கோலுக்கும் வழி இருக்கு. நூறு கிலோ வைக்கோல்ல நாலு கிலோ யூரியாவைத் தண்ணியில கரைச்சுத் தெளிச்சு, காத்துப் புகாம 21 நாள் மூடி வச்சா புரதம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும், நாரும் இளகும். ஆனா இடம் வேணும், கை அளவு தப்பினா யூரியா விஷம். முன்ன பின்ன பார்க்காம யூடியூப் பார்த்துப் பண்ணாதீங்க. அக்கா மாதிரி ஆளுங்களுக்கு நக்கு கட்டி சுலபம்: வெல்லப்பாகு, யூரியா, தாது உப்பு, தவிடு சேர்த்துச் செங்கல் மாதிரி இறுக்கினது. மாடு நக்கி நக்கித்தான் எடுக்க முடியும், அதனால ஒரே நேரத்துல அதிகம் உள்ள போகாது. 1980-கள்லயே வந்த விஷயம்.

நம்மள மாதிரி மாடு வச்சிக்காத ஆளுங்களுக்கும் இதுல பங்கு உண்டு. அமாவாசை அன்னிக்குக் கோயில் வாசல்ல அகத்திக்கீரை வாங்கிக் குடுக்கிறோம். காய்ஞ்ச எடையில இருபது சதவீதத்துக்கு மேல புரதம், கால்சியமும் நல்லா இருக்கிற கீரை. யாரு ஆரம்பிச்சாங்களோ தெரிஞ்சே ஆரம்பிச்சிருக்காங்க. ஆனா ஒரே நாள்ல இருபது கட்டு. மீதி நாள் வைக்கோல். மாசம் முழுக்க ஒரு கட்டா போனா எவ்வளவு நல்லா இருக்கும்! அதே கையால கல்யாண மிச்சம், சோறு, வாழைப்பழம், வெல்லம்னு வாளி வாளியா வைக்கிறதை நிறுத்திடுங்க. அவ்வளவு மாவுச்சத்து ஒரே நேரத்துல போனா ரூமன் புளிச்சு அமிலமாகி, நார் செரிக்கிற கிருமி செத்துடும், மாடும் சாகலாம். காய்கறித் தோல், கழனித் தண்ணின்னா வாளியில ஊத்துங்க, கவர்ல கட்டிப் போடாதீங்க.

தாம்பரம் 2021 நவம்பர்ல மாநகராட்சி ஆச்சு. நகரத்துல மாடு வளர்க்குறதுக்கு உரிமம் வேணும்னு 1997 சட்டம் ஒண்ணு இருக்கு. ரோட்ல திரியுற மாட்டைப் பிடிக்கிறாங்க, அபராதம் போடுறாங்க. அதுல தப்பு இல்ல, முட்டி விழுந்தவங்களுக்குத்தான் வலி தெரியும். ஆனா பிடிக்கிற வண்டியில ஒரு நோட்டீஸாவது, பால் வத்தின மாட்டுக்கு என்ன வைக்கணும்னு, இருந்தா நல்லா இருக்கும்.

அக்கா கதைக்கு வரேன். கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுட்டு வந்தாங்க. சினை மாட்டை இப்ப அவுத்து விடுறது இல்ல. வைக்கோலோட ஒரு கிலோ தவிடு, கொஞ்சம் பிண்ணாக்கு, டாக்டர் எழுதிக் குடுத்த அளவுல தாது உப்பு. அந்தப் பிண்ணாக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, மூணு லிட்டர் மாட்டோட பங்குலேர்ந்து. பாதியா குறைச்சிருக்காங்க. புதுசா ஒரு ரூபாய் கூட பிண்ணாக்குக்குச் செலவு இல்ல. பத்து நாள் ஆச்சு.

"பால் குறைஞ்சுதாக்கா?"

"இன்னும் இல்ல. ஆனா அது என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்குது, நான் சொன்னேன்ல." டப்பாவை மோந்துட்டு இருந்தது அந்த மாடு. "பால் குறைஞ்சுதுன்னு வை தம்பி, முதல்ல உங்க வீட்டுக்குத்தான் நிறுத்துவேன்."

சினை மாடு அடுத்த வாரம் கன்னு போடணும். டாக்டர் நம்பரை அக்கா கொட்டகைச் சுவர்ல கரியால எழுதி வச்சிருக்காங்க, மாட்டு நாக்குக்கு எட்டாத உயரத்துல.